பாலைக் குறைக்காதீர்கள், வட்டியைக் குறையுங்கள்

கேள்வி: திருப்பூரில் லைன் வீட்டில் இருக்கிறோம், சொந்த ஊர் தேனிப் பக்கம். கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், மாதம் 19,000 வரும். நான் வீட்டிலேயே பிசிறு வெட்டி 3,000 சம்பாதிக்கிறேன். வாடகை 5,500. கரண்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 9 ரூபாய் கணக்கில் 1,100 வாங்குகிறார். 5 பவுனை ஒன்றரை லட்சத்துக்கு 2 வட்டியில் அடகு வைத்திருக்கிறோம், அதற்கு 3,000. இரண்டு குழு லோனுக்கு வாரம் 1,250. மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை 1,400. ரேஷன் கார்டு ஊர் முகவரியில் இருப்பதால் அரிசியும் கடையில்தான் வாங்குகிறோம். பிள்ளைகளுக்கு முட்டையை நிறுத்திவிட்டேன், பாலை அரை லிட்டராக்கிவிட்டேன். விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் எதைக் குறைப்பது அக்கா?

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முட்டையை நிறுத்திவிட்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் மனசு கனத்துப் போனது. சமையலறையில் இனிக் குறைக்க எதுவும் இல்லை. 22,000 வருமானத்தில் 8,000 கடனுக்கே போகிறது, ஐந்து பேர் சாப்பாடு, பள்ளிச் செலவு, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் கையில் நிற்பது 6,000. கை வைக்க வேண்டியது அந்த 8,000-இல்தான்.

முதலில் நகை. 2 வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும், வருஷக் கணக்கில் அது 24 சதவீதம். வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,250-தான் வரும், 1,750 மிச்சம். இன்றைய தங்க விலைக்கு ஒன்றரை லட்சம் வாங்க ஐந்து பவுனையும் வைக்க வேண்டியதில்லை, மூன்று பவுன் போதும், மீதி வீட்டுக்கு வந்துவிடும். மீட்க ஒரே நாளில் ஒன்றரை லட்சத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அடகுக்கடைச் சீட்டு இரண்டு மூன்றாகப் பிரிந்திருந்தால் சின்னச் சீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அண்ணன், தம்பி யாரிடமாவது காலையில் கைமாற்றாக வாங்கி, மீட்ட நகையை அன்றைக்கே வங்கியில் வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடலாம். வங்கியில் முன்கூட்டியே பேசி, மதிப்பீட்டாளர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். தங்கம் ஏறிவிட்டது, கூடுதலாகத் தருகிறோம் என்று அங்கே சொல்வார்கள், தயவுசெய்து வாங்காதீர்கள். என் அம்மா ஒரு சங்கிலியை ஒன்பது வருஷம் இப்படித்தான் ஏற்றி ஏற்றி வைத்தார், கட்டிய வட்டியில் இன்னொரு சங்கிலி வாங்கியிருக்கலாம், கடைசியில் சங்கிலி ஏலத்தில் போனது. மிச்சமாகும் 1,750-ஐயும் அசலிலேயே கட்டுங்கள்.

அப்புறம் குழு லோன். தவணை கட்ட முடியாதபோது மூன்றாவது லோன் எடுத்துக் கட்டலாம் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள், அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். குழு லோனும் நுண்கடன்தான். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் விதிப்படி, வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நீங்கள் இப்போதே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டுகிறீர்கள். நுண்கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் கிடையாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. ஆகவே தீபாவளி போனஸ் வந்ததும் துணிக்கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டில் சின்ன லோனை முடித்துவிடுங்கள். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக்கூடாது. வந்து சத்தம் போட்டால் பயப்படாமல் இதைச் சொல்லுங்கள்.

மாமியார் மாத்திரை விஷயம் எனக்குப் புரியவே இல்லை. கணவர் சம்பளம் மாதம் 21,000-க்குள் இருக்கிறது, அவருக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, இருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள், பிடித்தால் மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி இருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் இஎஸ்ஐ மருந்தகத்தில் வைத்தியமும் மருந்தும் இலவசம். உங்கள் பெயர்களை அதில் சேர்த்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், நிறையப் பேர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பீஸ் ரேட்டில் கான்ட்ராக்டரிடம் வேலை செய்கிறார், பிடித்தமே இல்லை என்றால், இஎஸ்ஐ நம்பர் எங்கே என்று கேட்க வேண்டியது அவர் உரிமை. அது நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இலவசம். இந்த வாரமே மாமியாரைப் பழைய மருந்துச் சீட்டோடு கூட்டிப் போங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கார்டு ஊரில் இருந்தால் என்ன, 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக்குள் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம். அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், வெளியில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். மாதத்தின் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள், கடைசி வாரத்தில் போனால் பருப்பு இல்லை என்பார்கள். இ-சேவை மையத்தில் முகவரியைத் திருப்பூருக்கு மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

கரண்டு உடனே தீராது. தனி இணைப்பு இருந்தால் வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், உங்கள் அளவுக்கு இரண்டு மாத பில் ஆயிரத்தைக்கூடத் தொடாது, நீங்களோ 2,200 கொடுக்கிறீர்கள். அடுத்து வீடு மாறும்போது வாடகை 300, 400 கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ள வீடாகப் பாருங்கள்.

ரேஷனும் மாத்திரையும் இந்த மாதமே கைகொடுக்கும். அந்தப் பணத்தைக் கடனுக்குக் கொண்டுபோகாமல், நாளைக் காலையிலிருந்தே பாலைப் பழையபடி வாங்குங்கள், முட்டையும். நகையை மாற்றி வைத்த பிறகு எவ்வளவு வட்டி, எத்தனை பவுன் திரும்பியது என்று எனக்கு எழுதுங்கள், மீதிக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.