மழை வெறிச்ச அரை மணி நேரம்: ஐப்பசியில சின்னப் புள்ளைங்களோட

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல இருபத்திநாலு வருஷம் அங்கன்வாடி டீச்சரா இருந்தேன், இப்ப வீட்ல மூணு பேரப்புள்ளைங்க. ஐப்பசி பொறந்ததும் நம்ம டெல்டா ஜில்லாக்கள்ல சின்னப் புள்ளை வெச்சிருக்கறவங்க கேட்ட கேள்விங்களுக்கு தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி (ஒரத்தநாட்டு அம்மா): டீச்சர், பையனுக்கு மூணு வயசு. பத்து நாளா மழை, வெளிய விடவே முடியல. நாள் பூரா போன், புடுங்குனா அழுகை. சளி புடிச்சிடும்னு பயமாவும் இருக்கு. என்ன பண்றது?

பதில்: பத்து நாளா அடைச்சு வெச்சா அவன் போனைத்தான் கேப்பான் தங்கச்சி, அவன் மேல தப்பே இல்ல. அடைமழைன்னு பேரு இருக்கே ஒழிய நம்ம ஊர்ல ஒரு நாள் பூரா விடாம பேயுற நாள் கொஞ்சம்தான், பெரும்பாலும் நடுவுல ஒரு அரை மணி முக்கா மணி வெறிக்கும், அந்த நேரத்தை மட்டும் விடாதீங்க. உலை கொதிக்குதா, அடுப்பை அணைச்சிட்டு புள்ளையத் தூக்கிட்டு வெளிய வாங்க, சோறு கொஞ்சம் தாமதமானா ஒண்ணும் ஆயிடாது. மழையில நனைஞ்சதால மட்டும் சளி வராது, சளி கிருமியால ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு வர்றது, சொல்லப்போனா ஜன்னலை சாத்திட்டு எல்லாரும் ஒரே ரூம்ல இருக்கறப்பதான் சீக்கிரம் தொத்தும். நனைஞ்சா வந்ததும் துவட்டி காஞ்ச துணி மாத்துங்க, அது போதும். மூச்சு இழுப்பு இருக்கற புள்ளைன்னா மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

வெளிய போய் என்ன பண்றதுன்னு நீங்க யோசிக்கவே வேணாம், அவனே பாத்துப்பான். மரவட்டை ஊரும், தொட்டா சுருட்டிக்கும், அதையே பத்து நிமிஷம் பாப்பான். நத்தை செவுத்துல ஏறும். வெயிலடிச்ச ஈர மண்ணுல செவப்பா வெல்வெட் மாதிரி பட்டுப்பூச்சி வரும், உள்ளங்கையில விட்டுப் பாத்துட்டு திரும்ப மண்ணுலயே விடச் சொல்லுங்க. தெருவுல ஓடுற தண்ணியில காகிதக் கப்பல் விடட்டும். செருப்பு கட்டாயம், கால்ல புண்ணு இருந்தா தேங்குன தண்ணியில எறக்கவே கூடாது, எலி மூத்திரம் கலந்த தண்ணி புண்ணு வழியா போனா எலிக்காய்ச்சல் வரும். வந்ததும் சோப்பு போட்டு கை கால் கழுவிடுங்க.

வீட்டுக்குள்ள இருக்கற நேரத்துக்கு பல்லாங்குழி எடுங்க. மூணு வயசுக்கு ஆட்டம் புரியாது, ஆனா குழிக்கு அஞ்சு அஞ்சா எண்ணிப் போடுறது புடிக்கும். பக்கத்துலயே உக்காந்திருங்க, புளியங்கொட்டையை மூக்குல போட்டுக்கிட்டு வந்த புள்ளைங்களை எங்க சென்டர்லயே நாலஞ்சு பேர் பாத்திருக்கேன். தனியா வெளையாட விடறதா இருந்தா கொட்டைக்குப் பதிலா வாயில போக முடியாத பெரிய மூடி, டப்பா இப்படி குடுங்க.

கேள்வி (கும்பகோணத்து அப்பா): ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு. நாலு வயசுப் பொண்ணு, ஆறு வயசுப் பையன். மால், பார்க்கெல்லாம் வேணாம்னு பாக்குறோம். எங்க கூட்டிட்டுப் போகலாம் அக்கா?

பதில்: வடுவூர் ஏரிக்குப் போங்க தம்பி, ரெண்டாவது யோசனையே வேணாம். தஞ்சாவூர் மன்னார்குடி ரோட்டுலயே இருக்கு. ஐப்பசி கடைசியில ஏரி ரொம்பி பறவை வர ஆரம்பிக்கும், கார்த்திகை மார்கழியில நல்ல கூட்டம் இருக்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வடக்கேர்ந்து வர்ற வாத்து வகைங்க. திருத்துறைப்பூண்டி முத்துப்பேட்டை ரோட்டுல உதயமார்த்தாண்டபுரமும் இதே மாதிரிதான், ரெண்டையுமே 2022ல ராம்சார் பட்டியல்ல சேத்திருக்காங்க, அதாவது உலக அளவுல முக்கியமான நீர்நிலைன்னு. நம்ம வீட்டுக்கு ஒரு மணி ரெண்டு மணி நேரத்துல இப்படி ஒண்ணு இருக்கறதே நெறைய பேருக்குத் தெரியல, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

ஆனா போற நேரம் முக்கியம். பதினோரு மணிக்கு போய் நின்னா பறவையெல்லாம் மேய போயிருக்கும், புள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல பசிக்குதும்பாங்க. காலைல ஆறரைக்கு அங்க இருக்கற மாதிரி கெளம்புங்க, இல்லன்னா சாயந்தரம் நாலரைக்கு மேல கூடு அடையுற நேரம், அதுதான் குழந்தைங்களுக்கு நல்லா புரியும், கூட்டம் கூட்டமா வந்து எறங்கும் பாருங்க. பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வைக்காதீங்க. மூக்கை மட்டும் பாக்கச் சொல்லுங்க, எது நேரா இருக்கு, எது அருவா மாதிரி வளைஞ்சிருக்கு, எதுக்கு நடுவுல சந்து இருக்குன்னு. அந்த சந்து இருக்கறதுதான் நத்தைகுத்தி, வயல் நத்தையை ஓட்டுக்குள்ளேர்ந்து எடுத்துத் திங்கறதுக்கு தோதான மூக்கு. என் பேத்தி இதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து ரெண்டு ஸ்பூனை வெச்சு நத்தை எடுத்துக் காமிச்சா.

கோடியக்கரை இன்னும் பெருசு, பூநாரை வரும், வெளிமான் கூட்டமா மேயும், ஆனா உங்க ஊர்லேர்ந்து போகவே மூணு மணி நேரம் பக்கம் ஆயிடும், நாலு வயசுக்கு ஒரே நாள்ல போய் வர்றது கஷ்டம். வேதாரண்யத்துல ராத்திரி தங்க முடிஞ்சா தை மாசம் வரைக்கும் எப்ப வேணா போங்க. தரங்கம்பாடி கிட்டக்க, 1620ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை, மேல ஏறி கடலைப் பாக்கலாம், பையனுக்கு ரொம்பப் புடிக்கும். இந்த மாசத்துல கடல் முரட்டுத்தனமா இருக்கும், கால் நனைக்கக்கூட விடாதீங்க, கோட்டை மேலேர்ந்து பாத்தது போதும். முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்கு படகுல போறதையும் மழை ஓய்ஞ்சப்பறம் வெச்சுக்கங்க.

பைக்ல போறதா இருந்தா நாலு வயசுக்கும் ஹெல்மெட் போடுங்க.

கேள்வி (மாயவரத்து மருமகள்): எட்டு மாசக் குழந்தை. கடைமுகத்தன்னைக்கு, அதான் ஐப்பசி கடைசி நாள், காவேரி துலாக்கட்டத்துல முழுக்கு போடணும்னு மாமியார் சொல்றாங்க. எனக்கு மனசே வரல, எப்படி சொல்றதுன்னும் தெரியல.

பதில்: போடாதம்மா. ஆத்துத் தண்ணி அப்ப செம்மண்ணு கலந்து கலங்கி வரும், அவ்வளவு கூட்டம் முழுகுற தண்ணி, எட்டு மாசத்துப் புள்ளை மூக்குலயும் வாயிலயும் போனா வயித்தாலை, காதுவலி எல்லாம் வரும். கூட்டத்துல கை நழுவுற பயம் வேற. ஆனா அத்தைகிட்ட கிருமி அது இதுன்னு எதிர்த்துப் பேசாத, அவங்க ஆசையில தப்பு இல்ல. படிக்கட்டுல உக்காந்து ரெண்டு சொட்டு தண்ணியத் தொட்டு குழந்தை தலையில அத்தையையே தெளிக்கச் சொல்லு, முழுக்கை அவங்க போடட்டும், நீ புள்ளையோட மேல நில்லு. அப்பறம் இதையும் சொல்லு: உங்க ஊர்லயே ஐப்பசி முழுக்க வர முடியாத முடவன் ஒருத்தன் ஒரு நாள் தாமதமா வந்து சேந்தப்ப, கார்த்திகை ஒண்ணாந்தேதி முழுகுனாலும் அதே புண்ணியம்னு சாமி சொன்னதாத்தான் முடவன் முழுக்கு நடக்குது. நடக்க முடியாதவனுக்கு ஒரு நாள் தள்ளிக் குடுத்த சாமி, நடக்கத் தெரியாத புள்ளைக்கு நாலஞ்சு வருஷம் தள்ளிக் குடுக்காதா? எங்க பக்கத்து வீட்ல இப்படித்தான் சொன்னோம், அந்தம்மா உடனே சரின்னுட்டாங்க.

கேள்வி (நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா): வீட்டு வாசல்லயே வாய்க்கால், பின்னாடி குட்டை. பொண்ணுக்கு ஒண்ணே முக்கா வயசு, ஓட ஆரம்பிச்சிட்டா. ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது.

பதில்: உன் பயம் சரியான பயம், அதைக் கொறைச்சுக்கோன்னு நான் சொல்ல மாட்டேன். இந்த ஊர்ப் புள்ளைங்களுக்கு மழைக்காலத்துல காய்ச்சலை விட நான் பயப்படறது தண்ணிக்குத்தான். என் தங்கச்சி பையன் ரெண்டு வயசுல கொல்லையில இருந்த குட்டையில விழுந்தான், அப்ப வீட்ல ஏழு பேர் இருந்தோம். ஒருத்தரும் சத்தம் கேக்கல. முழுகுற புள்ளை கத்தாது, கையை அடிச்சு கூப்பிடாது, சத்தமில்லாம போயிடும். மாட்டுக்கு வைக்கோல் போடப் போன பெரியப்பா சட்டையோட நிறத்தைப் பாத்து குதிச்சு தூக்குனாரு, பொழைச்சான், இப்ப காலேஜ் படிக்கிறான். அந்த ஏழு பேருமே இன்னொருத்தர் பாத்துக்கறாங்கன்னு நெனச்சிட்டிருந்தோம். அதனால எங்க வீட்ல அன்னைலேர்ந்து ஒரு வழக்கம், புள்ளை யார் கையிலன்னு வாய் விட்டுச் சொல்லணும், "நான் பாத்துக்கறேன்"னு ஒருத்தர் சொல்லாம இன்னொருத்தர் உள்ள போகக்கூடாது.

வாசலுக்கு இடுப்பு உயரத்துக்கு ஒரு தட்டி கட்டுங்க, மூங்கில் போதும், ஆனா ஏறுறதுக்கு குறுக்குக் கட்டை வைக்காம நேர்க்குச்சியா கட்டச் சொல்லுங்க, தாப்பாளை வெளிப்பக்கமா போடுங்க. குட்டையைச் சுத்தி வேலி. வீட்டுக்குள்ள இருக்கற அண்டா, பக்கெட், மழைத்தண்ணி புடிக்க வெச்ச டப்பா எல்லாத்தையும் கவுத்திடுங்க, இல்ல மூடுங்க, இந்த வயசுல தலைகீழா விழுந்தா ஒரு சாண் தண்ணியே போதும். கால்ல கொலுசு போட்டு விடுங்க, சத்தம் வராட்டி உடனே தேடுவீங்க. புள்ளையைக் காணோம்னா மொதல்ல தண்ணியப் பாருங்க, வீட்டுக்குள்ள தேடறது அப்பறம். ஆறு வயசானதும் யாராவது நீச்சல் தெரிஞ்சவங்க கூட எறக்கி கத்துக் குடுங்க. பொண்ணாச்சேன்னு விட்றாதீங்க.

கேள்வி (கனடாவுலேர்ந்து திருவாரூருக்கு லீவுல வந்தவர்): என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. அங்க ஸ்கூல்ல இலையுதிர் காலம்னு செவப்பு, மஞ்சள் இலையெல்லாம் பொறுக்கி ஒட்டுனா. இங்க வந்து "தாத்தா ஊர்ல அது வராதா"ன்னு கேக்குறா. என்ன காட்டுறது?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கா உங்க பொண்ணு. நமக்கு மரம் இலை கொட்டுறது மாசி பங்குனியில, வெயில் ஏறும்போது. அங்க இலை உதிர்ற அதே மாசம் இங்க கூதிர் காலம், ஐப்பசியும் கார்த்திகையும், பழைய தமிழ்ல மழையும் வாடையும் சேந்த காலத்துக்கு அதான் பேரு. அங்க மரம் தூங்கப் போகுது, இங்க வயல் முழிச்சுக்குது. ஒரு வாரத்துல ரெண்டு வயலைக் கூட்டிட்டுப் போய் காட்டுங்க, ஒண்ணு குறுவை அறுத்த தாள் நிக்கற வயல், இன்னொண்ணு சம்பா நட்ட வயல். தாத்தா கூட வரப்புல நடக்கட்டும். நட்ட பத்தாம் நாள் போய்ப் பாத்தா பச்சை புடிச்சிருக்கும், அந்த பச்சையைக் காட்டி இதுதான் எங்க ஊரு கலர்னு சொல்லுங்க. கொக்கு, மடையான், மீன்கொத்தி எத்தனைன்னு எண்ணட்டும். அரச இலை, பூவரச இலை, வேப்பிலை பொறுக்கி அங்க மாதிரியே நோட்டுல ஒட்டட்டும், பூவரச இலையைச் சுருட்டி பீப்பீ ஊதக் கத்துக் குடுங்க. அஞ்சு வேலி குளம்னு சொல்ற கமலாலயத்தை சுத்தி சாயந்தரம் ஒரு நடை, கையைப் புடிச்சுக்கிட்டு.

கேள்வி (மன்னார்குடி): காய்ச்சல் மூணாவது நாள், நாலு வயசு. டெங்குவான்னு எப்படித் தெரியும்?

பதில்: வீட்ல இருந்து தெரியாது, ரத்தம் பாக்கணும், இன்னைக்கே போங்க. பாரசிட்டமால் மட்டும்தான், எடைக்குத் தக்க அளவுல. புரூபன், ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, ரத்தக் கசிவு வரும். கஞ்சி, இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமா விடாம குடுங்க. முக்கியமா ஒண்ணு, காய்ச்சல் விட்டிருச்சேன்னு நிம்மதியா இருக்கற நாள்தான் டெங்குல ஆபத்தான நாள். வயித்துவலி, விடாத வாந்தி, பல் ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுனு ஆகறது, புள்ளை சோந்து படுத்தே கெடக்கறது, மூத்திரம் கொறையறது, இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ராத்திரின்னு பாக்காம 108 கூப்பிடுங்க. இந்தக் கொசு பகல்ல கடிக்கும், நல்ல தண்ணியிலதான் முட்டை போடும், தேங்காய் ஓடு, பிரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, பழைய டயர், வாரத்துக்கு ஒரு தடவை கவுத்துங்க.

கேள்வி (சீர்காழி): ரெண்டு வயசுப் புள்ளை கையில கம்பி மத்தாப்பு குடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் கம்பி முனை ஆயிரம் டிகிரி பக்கம் கொதிக்கும். தூக்கி வெச்சுக்கிட்டு தூரத்துலேர்ந்து காட்டுங்க, பருத்தித் துணி போடுங்க. சுட்டிருச்சுன்னா இருபது நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டணும், பேஸ்ட்டு, இங்க், மாவு எதுவும் வேணாம்.

கேள்வி (பேரளத்துப் பாட்டி): சளிக்கு கற்பூரத்தை எண்ணெயில காய்ச்சி நெஞ்சுல தேய்க்கறோமே, ஆறு மாசக் குழந்தைக்கு செய்யலாமா?

பதில்: வேண்டாங்க பாட்டிம்மா. நம்ம அம்மாங்க செஞ்சாங்க, நானும் என் மூத்தவனுக்கு செஞ்சிருக்கேன், ஆனா கற்பூரம் தோல் வழியா உள்ள போய் சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரவைக்கும்னு ட்ரெயினிங்ல படிச்சப்பறம் விட்டுட்டேன். ஒரு வயசு ஆகற வரைக்கும் தேனும் வேணாம். சாம்பிராணிப் புகையையும் துணி காயறதுக்கு மட்டும் வெச்சுக்கங்க, குழந்தை இல்லாத ரூம்ல. தாய்ப்பாலை அடிக்கடி குடுக்கச் சொல்லுங்க, மூக்கு அடைச்சா டாக்டர்கிட்ட கேட்டு உப்புத்தண்ணி சொட்டு. மூச்சு வேகமா வாங்கி நெஞ்சுக்குழி உள்ள இழுத்தா உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி (வேதாரண்யம்): பையனுக்கு அஞ்சு வயசு, இடின்னா நடுங்குறான். கஜா புயல் அடிச்சப்ப அவன் பொறக்கவே இல்ல, ஆனா வீட்ல நாங்க எல்லாரும் காத்து சத்தம் கேட்டாலே அதைப் பத்தித்தான் பேசுவோம்.

பதில்: அதுதான் காரணம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல அது உங்க ஊர்ப்பக்கம்தான் கரை ஏறுச்சு, தென்னையெல்லாம் சாஞ்சு கெடந்ததை நானும் பாத்தேன், நீங்க பேசாம இருக்க முடியாது, ஆனா இடி இடிக்கற நேரத்துல அவன் முன்னாடி பேசாதீங்க. பகல்ல, வெயில் அடிக்கறப்ப கதையா சொல்லுங்க, யார் யார் உதவி பண்ணாங்க, எப்படி திரும்ப கன்னு வெச்சோம்னு. ராத்திரி மின்னுச்சுன்னா மடியில உக்கார வெச்சு ரெண்டு பேரும் சேந்து எண்ணுங்க, மின்னல் பாத்ததுலேர்ந்து இடி கேக்கற வரைக்கும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நிதானமா. மூணு எண்ணுனா ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கு, பன்னெண்டு எண்ணுனா நாலு கிலோமீட்டர். நம்பர் கூடிக்கிட்டே போச்சுன்னா மழை தள்ளிப் போகுதுன்னு அவனே சொல்லுவான். எங்க சென்டர்ல ஒரு பொண்ணு இப்படி எண்ணி எண்ணி முப்பது வரைக்கும் எண்ணவே கத்துக்கிச்சு. வெளிய இருக்கறப்ப முப்பதுக்குள்ள இடி கேட்டா மட்டும் எண்ணிக்கிட்டு நிக்காம உடனே வீட்டுக்குள்ள வந்திடணும்னு சொல்லி வைங்க, மரத்தடியில ஒதுங்கக்கூடாது.