அலுமினிய ஃப்ளைவீலா, எஃகு ஃப்ளைவீலா?

கேள்வி: என்னிடம் 1.6 லிட்டர் பெட்ரோல் கார் இருக்கிறது. நாள்தோறும் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு அதில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதும் உண்டு. கிளட்ச் தேய்ந்துவிட்டதால் கியர்பாக்ஸை இறக்கப் போகிறோம். அப்போதே எடை குறைந்த ஃப்ளைவீலையும் போட்டுவிடலாம் என்கிறார் மெக்கானிக். அலுமினியம் வாங்குவதா, எஃகு வாங்குவதா?

பதில்: உங்கள் பயன்பாட்டுக்கு எஃகுதான் சரி, அதிலும் ஒரே துண்டாகக் கடைந்தெடுத்த, எடையை ஓரளவு மட்டும் குறைத்த ஃப்ளைவீலையே தேர்ந்தெடுங்கள்.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பழைய ஒற்றை சிலிண்டர் ஆயில் எஞ்சினை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அதில் எரிபொருள் எரிந்து விசை பிறக்கிறது. மீதி நேரம் முழுவதும் எஞ்சினை நிற்கவிடாமல் இழுத்துச் செல்வது பக்கவாட்டில் சுழலும் கனத்த சக்கரம். அதுதான் ஃப்ளைவீல். காரில் அது எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே இருக்கிறது. உங்கள் காரின் நான்கு சிலிண்டர் எஞ்சினில் அரைச் சுற்றுக்கு ஒரு முறை விசை கிடைப்பதால் சிறிய சக்கரமே போதுமென்றாலும், அது செய்யும் வேலை அதேதான்.

கடைக்காரர்கள் மொத்த எடையைச் சொல்லித்தான் விற்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது நிலைமத் திருப்புத்திறனை, அதாவது அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை. விளிம்பில் குறையும் ஒரு கிலோவின் பலன் மையத்தருகே குறையும் ஒரு கிலோவுக்குக் கிடையாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மையத்திலிருந்து 10 செ.மீ. தொலைவில் 3 கிலோ குறைத்ததாகவும், டயரின் ஆரம் 30 செ.மீ. என்றும் கொள்வோம். முதல் கியரில் மொத்தப் பல்விகிதம் 14 என்றால், அதாவது கார்ச் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் 14 சுற்று சுற்றுமென்றால், வேகமெடுக்கும்போது காரிலிருந்து சுமார் 65 கிலோ இறங்கியதற்கு அது சமம். மூன்றாம் கியரில் விகிதம் 5.5 ஆகும்போது அதே பலன் 10 கிலோவாகச் சுருங்கும். ஐந்தாம் கியரில் 3.2 என்றால் மூன்றரைக் கிலோகூடத் தேறாது. எஞ்சினின் குதிரைத்திறன் எந்தக் கியரிலும் கூடுவதில்லை.

தடத்தில் முதல் கியரைப் புறப்படும்போது மட்டுமே தொடுகிறீர்கள் என்பதால், பெரிய லாபம் அங்கே உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் சட்டென்று சுழற்சி ஏறி ஈடுகொடுப்பதே அங்கு கிடைக்கும் நல்ல பலன், அதை எடை குறைத்த எஃகும் தரும். நம் ஊரிலோ நிலைமை தலைகீழ். மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்களிலும், பாபநாசம், அய்யம்பேட்டை வழியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டருக்குப் பின்னாலும், முதல் கியரில் ஏசியோடு ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் கனமான சக்கரத்தின் உதவி தேவைப்படும். மிக இலேசான ஃப்ளைவீல் இருந்தால் கிளட்சை விடும்போது எஞ்சின் அடிக்கடி அணையும். அணையாமலிருக்க நீங்கள் அரைக் கிளட்சிலேயே ஓட்டத் தொடங்குவீர்கள்.

அந்த அரைக் கிளட்ச் கிளப்பும் சூடுதான் அலுமினியத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு முதன்மைக் காரணம். அலுமினியம் மென்மையான உலோகம் என்பதால் கிளட்ச் பிளேட் அதில் நேரடியாக உரச முடியாது. ஆகவே மெல்லிய எஃகு வளையம் ஒன்றை அதன் முகத்தில் திருகாணியாலோ ரிவெட்டாலோ பொருத்தியிருப்பார்கள். அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது உண்மைதான், ஆனால் முதலில் சூட்டைத் தாங்குவது அந்த மெல்லிய வளையம். போதாக்குறைக்கு, சூடேறும்போது அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். கத்திரி வெயிலில் நாள்தோறும் நெரிசலில் ஊர்ந்தால், வளையம் நெளிந்து கிளட்ச் அதிரத் தொடங்கக்கூடும். தடத்துக்கு மட்டுமே ஒரு காரை வைத்திருந்தால் அலுமினியத்தைத் தயங்காமல் வாங்கச் சொல்வேன். அப்போதும் அந்த வளையம் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

செலவைக் குறைக்க, காரிலிருக்கும் பழைய ஃப்ளைவீலையே லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து இலேசாக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். பல கார்களில் அது வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு இழுவிசையைத் தாங்காது. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் அதைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். நிமிடத்துக்கு 6,500 சுற்றில் அது சிதறினால் துண்டுகள் கிளட்ச் உறையைத் துளைத்து, உங்கள் கால்கள் இருக்கும் இடத்துக்கே வரும். கிளட்ச் முகத்தைச் சீராக்க, தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்கு மேலோட்டமாகக் கடைவது வேறு.

வாங்கும் முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் காரில் இருப்பது இரண்டு பாகங்களாலான இரட்டை நிறை ஃப்ளைவீல் என்றால், அதிர்வை உறிஞ்சும் ஸ்பிரிங்குகள் அதற்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடும்போது நடுவில் ஸ்பிரிங் உள்ள கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து வாங்காவிட்டால் கியர்பாக்ஸ் கடகடக்கும்.

பொருத்தும்போது ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். முகம் கோணலாகச் சுழலவில்லை என்பதை டயல் கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீலையும் இப்போதே மாற்றிவிடுங்கள். அந்தச் சீல் பின்னர் கசிந்தால் மீண்டும் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருக்கும், புதிய கிளட்ச் பிளேட்டும் எண்ணெயில் ஊறிக் கெட்டுவிடும்.