சொன்னது 22,000 கிளிக், இருந்தது 1,41,000

கேள்வி: திண்டுக்கல்லில் இருக்கிறேன். நிக்கான் டி3500-இல் பழகி, இப்போது சொந்தமாகக் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். மூன்று வாரம் முன்பு சென்னையில் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் டி750 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வாங்கினேன். விலை 58,000 ரூபாய். என் பழைய கேமராவை 16,000-க்கு எடுத்துக்கொண்டார்கள், மீதி 42,000-ஐ ஜிபே-யில் அனுப்பினேன். ‘ஷட்டர் கவுண்ட் 22,000தான்’ என்று, அதாவது இதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை அவ்வளவுதான் என்று, வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்கள். போன வாரம் கேமராவுக்குள் இருக்கும் மிர்ரர் சிக்கிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் பார்த்தால் கவுண்ட் 1,41,000! கடைக்காரர், ‘பழைய பொருளுக்குப் பொறுப்பில்லை’ என்கிறார். பில்லிலும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சிட்டிருக்கிறது. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதல் வேலையாக, அந்தக் கேமராவில் படம் எடுப்பதை நிறுத்துங்கள். ரிப்பேருக்கும் கொடுக்காதீர்கள். குறை தெரிந்த பிறகும் பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 42-ஆம் பிரிவுப்படி நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கிடைத்துவிடும். அப்புறம் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு மட்டுமே மிஞ்சும். கையில் ஆர்டர் இருந்தால் வாடகைக்கு ஒரு கேமரா எடுங்கள். அந்த ரசீது பத்திரம், நஷ்டஈட்டில் அதையும் கேட்கலாம்.

டி750-இன் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது என்பது நிக்கான் சொல்லும் கணக்கு. அந்த எண்ணிக்கையைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் 22,000 ஓடிய பாடியும் 1,41,000 ஓடிய பாடியும் ஒரே விலைக்குப் போகாது. அந்த எண்ணை நம்பித்தான் 58,000 கொடுத்தீர்கள். பழைய பொருளில் தேய்மானம் இருக்கும்தான், அதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அவர்தான் பொறுப்பு. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய்யான தகவல் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. திரும்ப வாங்குவதற்குப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்கிறது சட்டம். உங்களுக்கு மூன்று வாரம் முடிந்துவிட்டது, ஆகவே இந்த வாரமே நோட்டீஸ் போக வேண்டும்.

கடைக்காரர் என்ன சொல்வார் என்பதையும் யோசித்து வையுங்கள். ‘மிச்சத்தை அவரே எடுத்திருப்பார், கல்யாண போட்டோகிராபர்தானே’ என்பார். இதற்குப் பதில் உங்கள் மெமரி கார்டில் இருக்கிறது. நிக்கான் கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அந்த நேரத்து ஷட்டர் கவுண்ட்டும் பாடியின் சீரியல் எண்ணும் பதிவாகின்றன. கேமரா வாங்கிய அன்று எடுத்த முதல் படத்தைத் தேடுங்கள். அதில் 1,38,000 என்று இருந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது. கார்டில் இருக்கும் அசல் கோப்புதான் வேண்டும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் அழிந்துவிடும். பில்லில் சீரியல் எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் ‘இது எங்கள் கேமராவே இல்லை’ என்பார்கள். அப்போது கடைக்காரர் அனுப்பிய கேமரா படங்களும் அந்த முதல் கோப்பும் கைகொடுக்கும். சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னதை அவர்கள் தாளில் எழுதி, முத்திரையுடன் வாங்குங்கள்.

இன்னொரு வாதமும் வரும்: ‘நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் அல்ல.’ சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று சட்டம் கருதுவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் போடும் மனுவில் இந்த வரி கட்டாயம் இருக்கட்டும். சம்பளத்துக்கு நான்கு பேரை வைத்து ஸ்டூடியோ நடத்துகிறவராக இருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எனக்குக் கவலை தருவது பில்தான். அதில் 58,000 போட்டு 16,000 கழித்திருக்கிறார்களா, அல்லது வெறும் 42,000 என்று மட்டும் இருக்கிறதா? பின்னதாக இருந்தால், பழைய கேமரா கொடுத்ததைக் காட்ட அந்த வாட்ஸ்அப் பேச்சுதான் சாட்சி. அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். டி3500-ஐ இந்நேரம் விற்றிருப்பார்கள், ஆகவே அதன் விலையையும் சேர்த்து 58,000-ஆகவே கேளுங்கள்.

நோட்டீஸை, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, 15 நாள் கெடு கொடுங்கள். பணத்தைத் திருப்பித் தந்தால் கேமராவை ஒப்படைக்கத் தயார் என்று அதில் தெளிவாக எழுதுங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம், சில கடைகள் அதற்கே இறங்கி வருவார்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை மனுக்கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வக்கீல் இல்லாமலும் நடத்தலாம்.

போலீசுக்குப் போகலாமா என்று யோசிப்பீர்கள். கடைக்காரர் தெரிந்தே பொய் சொன்னார் என்று காட்ட முடிந்தால் மோசடிப் புகாருக்கு இடமுண்டு. ஆனால் ‘முதலில் விற்றவர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்’ என்று அவர் சொல்லிவிட்டால் அதை உடைப்பது கஷ்டம். பணம் திரும்ப வர நுகர்வோர் ஆணையமே நேர்வழி.

மெமரி கார்டை இன்றே கேமராவிலிருந்து எடுத்து, ஒரு உறையில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்துவிடுங்கள்.