ஒரு நாள் ட்ரிப்புக்கும் நீண்ட பயணத்துக்கும் ஒரே ரக்சாக் போதுமா? எத்தனை லிட்டர் வாங்கலாம்?

அனேகமாக நீங்கள் முதல் ட்ரெக்கிங்குக்குப் பேர் கொடுத்துவிட்டு, ஆஃபர் முடிவதற்குள் ஆன்லைனில் 60 லிட்டர் பை ஒன்றைத் தட்டிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். லிட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் இஞ்ச் டேப்பை எடுத்து யாரையாவது உங்கள் முதுகை அளக்கச் சொல்லுங்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை எவ்வளவு என்று பாருங்கள். பை இந்த நீளத்துக்குத்தான் பொருந்த வேண்டும், ஆள் உயரத்தை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது.

நான் ஐந்தடி உயரமுள்ள பெண், எனக்கு 15 அங்குலம்தான். மேற்கு வங்காளத்தில் 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்பூவுக்குப் போனபோது சித்தப்பா மகனின் 55 லிட்டர் பையைக் கொண்டுபோயிருந்தேன். வழியில் இருக்கும் தும்லிங் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தோளும் எரிய ஆரம்பித்துவிட்டது. கூட வந்த ஒருவர், "லேடீஸுக்கு இதெல்லாம் சிரமங்க, பையை ஜீப்ல போட்டுடுங்க" என்றார். அவர் முதுகில் இருந்தது என்னுடையதில் பாதி கனம்கூட இருக்காது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

அன்று ராத்திரி எங்கள் வழிகாட்டி, நேபாளி பேசும் பெரியவர், பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முதுகுப்பக்க மெத்தைக்குள் கையை விட்டு வெல்க்ரோவைச் சர்ரென்று பிரித்து, பையின் தோள் பட்டிகள் சேரும் இடத்தை நாலு விரல் கீழே இறக்கி ஒட்டினார். அதுவரைக்கும் இடுப்புப் பட்டி என் தொடைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்ததால் மொத்த பாரமும் தோளில் இருந்திருக்கிறது. முதலில் இடுப்புப் பட்டியை எலும்பின் மேல் உட்காரவைத்து இறுக்கச் சொன்னார், அப்புறம் தோள் பட்டி, அப்புறம் தோளுக்கு மேலே இருக்கிற சின்ன வாரை லேசாக ஒரு இழுப்பு, கடைசியாகத்தான் மார்புக் கிளிப். காலிபோக்ரியிலிருந்து சந்தக்பூ வரைக்கும் உள்ள அந்தச் செங்குத்து ஏற்றத்தை அதே பையோடு, ஒரு பொருளையும் குறைக்காமல், நானே சுமந்து ஏறினேன். மறுநாள் காலையில் கஞ்சன்ஜங்காவைப் பார்த்தபோது பை என் முதுகில்தான் இருந்தது.

சாக்குப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் இல்லையா என்று யாராவது கேட்பீர்கள். இருக்கிறார்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குச் சுமை பழக்கம், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கு இல்லை. விலை கூடுதலான பையை விற்க வந்தவள் என்றும் நினைக்க வேண்டாம், முதுகு நீளத்தை மாற்ற முடிகிற பை நடுத்தர விலையிலேயே கிடைக்கிறது.

சரி, லிட்டர். ஒரு நாளைக்கு 20 முதல் 25 போதும்: இரண்டு லிட்டர் தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு, ஒரு சட்டை. நாலைந்து நாள் மலைக்கு 45, 50. இரண்டுக்கும் ஒரே பை சரிப்படாது, பாதி காலியான பெரிய பைக்குள் சாமான் அங்குமிங்கும் ஆடி நடையையே கெடுக்கும். கனமானதை நடுவில் முதுகை ஒட்டி வையுங்கள், அடியில் ஸ்லீப்பிங் பேக். மழை உறையை மட்டும் நம்பாதீர்கள், முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும், உள்ளே கனமான பாலித்தீன் பை ஒன்றை விரித்து அதற்குள் துணிகளை வையுங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வரும்போது ஒரு பஸ்ஸில் இதே பைக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார்கள். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன், காதிலேயே வாங்கவில்லை. காசு கொடுத்துவிட்டேன். அதே பஸ்ஸில் இரண்டு சீட்டை அடைத்துக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார், அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வாங்கும்போது கடையிலேயே பைக்குள் ஏழெட்டு கிலோ எடை போட்டுத் தரச்சொல்லி, மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள். இடுப்புப் பட்டியை இறுக்கிய பிறகு தோள் பட்டிக்கு அடியில் விரலை விட்டால் சுலபமாக நுழைய வேண்டும். நுழையவில்லையென்றால் அடுத்த அளவைக் கேளுங்கள்.