குளச்சலில் கிடைக்கும் அந்த சைக்கிள் கேசட்டை வாங்கலாமா?

மார்த்தாண்டத்தில் இருந்து கேட்டிருந்தீர்களே, 7 கியர் சைக்கிளுக்கு 8 கியர் பழைய கேசட் (பின்சக்கரத்தில் மாட்டும் பல்சக்கர அடுக்கு) பொருந்துமா என்று. அட்வான்ஸ் அனுப்பிவிடாதீர்கள். முதலில் உங்கள் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். பல்சக்கரங்களின் நடுவில் கருவி மாட்டும் பள்ளம் தெரியும். பல்சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும்போது அந்தப் பள்ளமும் கூடவே சுற்றினால் கேசட். அசையாமல் நின்றால் அது மரையில் திருகிய ஃப்ரீவீல். கேசட் அதில் ஏறவே ஏறாது. விலை குறைந்த 7 கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான்.

கேசட்தான் என்றாலும் 8 கியர் பொருந்தும் என்று உறுதியில்லை; கடையில் கேட்டுக்கொண்டு, பிறகு நேரில் பாருங்கள் அண்ணா. கடற்கரை ஊர் சைக்கிளில் உப்புக்காற்று செய்யும் வேலை போட்டோவில் தெரியாது. துரு மேலோட்டமாக இருந்தால் மண்ணெண்ணெயில் தேய்த்தால் போகும். ஆனால் பற்கள் சுறாத்துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூர்மையாகியிருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

விற்பவருடைய பழைய செயினையும் ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். புதிய செயினில் ஒரு பின்னின் (pin) நடுவிலிருந்து இன்னொரு பின்னின் நடு வரை 12 அங்குலம் சரியாக வரும். 1/8 அங்குலம் கூடுதல் என்றால் கேசட்டும் அநேகமாகத் தேய்ந்திருக்கும். நான் இதைப் பார்க்காமல் வாங்கி, புது செயின் போட்டதும் ஏற்றத்தில் டக் டக்கென்று வழுக்கியது.

இருவருக்கும் பாதி வழி கருங்கல். அங்கே சந்தித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.