ஐயருக்குப் பதிலாக மாமாவோ நண்பரோ கல்யாணத்தை நடத்தி வைத்தால் மலேசியாவில் செல்லுமா?

தாராளமாக நடத்தலாம். சுங்கை சிப்புட்டில் என் அக்கா மகள் கல்யாணத்தை நடத்தி வைத்தவன் நான்தான். ஆனால் சட்டம் வேறு, மணமேடை வேறு.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நண்பர் ஒருவர் ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு கல்யாணத்தைச் சட்டப்படி நடத்தி வைக்க முடியும். இங்கே அது நடக்காது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்கள் பதிவாளர் முன்போ துணைப் பதிவாளர் முன்போ, இரண்டு சாட்சிகளை வைத்துச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். சில கோயில்களிலும் சங்கங்களிலும் அப்படி நியமனம் பெற்ற துணைப் பதிவாளர்கள் உண்டு. உங்கள் மாமாவுக்கு அந்த நியமனம் இல்லையென்றால், அவர் சாட்சிக் கையெழுத்துதான் போடலாம். தமிழ்நாட்டில் ஐயர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967 திருத்தச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது அந்த ஊருக்கு. முதலில் ரோம் (ROM), அதாவது சட்டப்படியான திருமணப் பதிவு, போட்டுவிடுங்கள். நாங்கள் இரண்டு மாதம் முன்பே போட்டுவிட்டோம்.

அப்புறம் பெரியவர்கள். "ஐயர் இல்லாம என்ன கல்யாணம்?" என்றார் மாப்பிள்ளையின் பாட்டி. என் அம்மா விடவில்லை: "நான் எஸ்டேட்டுத் தோட்டத்துல கட்டிக்கிட்டப்ப ஏதும்மா ஐயரு? கோயில் பூசாரி பண்டாரம் விளக்கேத்துனாரு, வேலையாளுங்கள மேய்க்கிற தண்டல் தாலிய எடுத்துக் குடுத்தாரு. நாலு பிள்ள பெத்தேனே!" அதோடு பேச்சு முடிந்தது. ஆனாலும் தாலியை மாரியம்மன் கோயிலில் வைத்துப் பூசை செய்து, பண்டாரத்துக்குக் குறையில்லாமல் தட்சணை கொடுத்துத்தான் எடுத்து வந்தோம். அவரை ஒதுக்கிவிட்டோம் என்ற பேச்சு வந்திருந்தால் எனக்கே பொறுத்திருக்காது.

நான் செய்த தப்பு ஒன்று. தாய்மாமனே கல்யாணத்தை நடத்தக் கூடாது. சடங்கில் அவனுக்கே ஆயிரம் வேலை. பெண்ணை அழைத்து வந்து உட்கார வைத்தேன், ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன், "தாய்மாமன் மாலை போட வரவும்" என்று என்னை நானே கூப்பிட்டேன். மண்டபமே சிரித்தது. பெரியப்பாவோ, நன்றாகப் பேசத் தெரிந்த நண்பரோ இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மாலை, உறுதிமொழி, தாலி என்று வரிசையைத் தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் கெட்டிமேளத்தையும் எழுதச் சொல்லுங்கள். வழக்கமாக ஐயர் கை காட்டுவார், மேளம் கொட்டும். எனக்கு அது ஞாபகமே இல்லை. மாப்பிள்ளை தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டார், மேளக்காரர்கள் என் முகத்தையே பார்க்கிறார்கள், மண்டபத்தில் சத்தமே இல்லை. முதல் முடிச்சு விழுந்த பிறகு பின்வரிசையிலிருந்து என் அத்தைதான் கத்தினார்: "அடிங்கப்பா மேளத்த!"