டக்காருக்கு வரும் தம்பிக்கு: பிரெஞ்சு ராணுவம் போய்விட்டது, பிரெஞ்சுக் காகிதம் போகவில்லை

தம்பி, செனகல் தலைநகர் டக்காரில் ஓர் உர ஆலையில் 2 வருட ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது, கிளம்பும் நேரத்தில் செய்திகளைப் பார்த்துக் குழப்பமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பிரான்ஸை விரட்டிவிட்டார்களாமே, ஆட்சி நிலைக்குமா, இனி பிரெஞ்சு படிப்பது வீணா, அங்கே சேர்க்கும் பணம் செல்லாமல் போய்விடுமா. இவைதான் உங்கள் கேள்விகள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடுகிறேன். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளான மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றிலும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. செனகல் அந்த வரிசையில் இல்லை. 1960இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றதிலிருந்து இங்கே ஒருமுறைகூட ராணுவம் ஆட்சியைப் பிடித்ததில்லை. 2024 பிப்ரவரி 3 அன்று அதிபர் மாக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தார். அது செல்லாது என்று அரசியலமைப்பு மன்றம் பிப்ரவரி 15 அன்று சொல்லிவிட்டது. மார்ச் 14 வரை சிறையில் இருந்த எதிர்க்கட்சிக்காரர் பசிரூ ஜோமாய் ஃபாய் மார்ச் 24 அன்று 54.28 சதவீத வாக்குடன் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். ஏப்ரல் 2 அன்று பதவியேற்றபோது அவருக்கு வயது 44. நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்கு 165 இடங்களில் 130. சிறைக்கதவு திறந்த பத்தாம் நாள் ஒருவர் வாக்குப்பெட்டி வழியாக அதிபரானார் என்பதை இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள் என்பதை வந்ததும் பார்ப்பீர்கள். எனக்கும் அந்த மரியாதை உண்டு.

ராணுவ விஷயம் உண்மைதான். அந்நியப் படைத்தளமும் இறையாண்மையும் ஒன்றாக இருக்க முடியாது என்று 2024 நவம்பரில் ஃபாய் அறிவித்தார். மிச்சமிருந்த பிரெஞ்சு வீரர்கள் சுமார் 350 பேர். 2025 மார்ச்சில் தொடங்கிய ஒப்படைப்பு ஜூலை 17 அன்று வாக்காம் பகுதியில் இருந்த கேய் முகாமோடு முடிந்தது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, யாரையும் துரத்தவுமில்லை; விழா நடத்திச் சாவியைக் கொடுத்தார்கள்.

கோபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, டக்காரிலிருந்து ஜாம்னியாஜோ போகும் புறநகர் ரயிலில் தியாரோய் நிலையத்தைக் கவனியுங்கள். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸுக்காகச் சண்டையிட்டு, ஜெர்மானியரிடம் கைதியாகி ஊர் திரும்பிய ஆப்பிரிக்க வீரர்கள் சம்பளப் பாக்கியைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று அங்கேயே அவர்களைச் சுட்டுக் கொன்றது பிரெஞ்சு ராணுவம். 35 பேர் என்று அன்று கணக்குச் சொன்னார்கள். அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். அது படுகொலை என்று பிரான்ஸ் அதிபர் ஒப்புக்கொள்ள 80 வருடம் ஆனது. வேலையிடத்தில் யாராவது பிரான்ஸைப் பற்றிச் சூடாகப் பேசினால் இது பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு அரசுகளுக்கு இடையிலானது. பிரெஞ்சுக்காரர் நிறையப் பேர் இங்கேயே குடும்பத்தோடு இருக்கிறார்கள்; இந்தியர் மேல் யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை.

நமக்கும் இந்தக் கதையில் ஓர் இழை உண்டு. புதுச்சேரிப் பக்கம் நெய்து அவுரிச் சாயம் ஏற்றிய 'கினே' என்னும் நீலத்துணியை பிரெஞ்சு வணிகர்கள் செனகல் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, அதைக் கொடுத்துத்தான் கருவேலம் பிசின் வாங்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்தத் துணியே அங்கே பணமாகப் புழங்கியது.

இனி பணம். இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். இங்கே புழங்குவது சிஎஃப்ஏ ஃபிராங்க். 1 யூரோவுக்கு 655.957 என்று கட்டிவைத்த விலை. 10,000 ஃபிராங்க் நோட்டு என்றால் 15 யூரோ 24 சென்ட். இந்த விலைக்கு பிரான்ஸ் கருவூலம் உத்தரவாதம். 2019 டிசம்பரில் அறிவித்த சீர்திருத்தப்படி, கையிருப்பில் பாதியைப் பாரிஸில் வைக்கும் வழக்கம் முடிந்தது, மத்திய வங்கி நிர்வாகத்திலிருந்து பிரெஞ்சுப் பிரதிநிதிகள் விலகினார்கள். கட்டிவைத்த விலையும் உத்தரவாதமும் அப்படியேதான் இருக்கின்றன. நாணயத்தை மாற்ற வேண்டும் என்பது புதிய ஆட்சியாளர்களின் பழைய கோரிக்கை. ஆனால் இது 8 மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டு நாணயம், ஒரே இரவில் தனியாக வெளியேறுவது லேசு இல்லை. எனவே இன்றைக்குப் பதற்றம் வேண்டாம். அதற்காகச் சேமிப்பையெல்லாம் இங்கேயே குவித்துவைக்கவும் வேண்டாம். 1994 ஜனவரியில் டக்காரில் கூடிய கூட்டத்தில் இந்த நாணயத்தின் மதிப்பைச் சரிபாதியாக வெட்டினார்கள். வங்கியில் ஃபிராங்காக வைத்திருந்தவரின் சேமிப்பு பிரெஞ்சு ஃபிராங்குக் கணக்கில் மறுநாளே பாதி.

ஆகவே ஒப்பந்தத்தில் சம்பளம் யூரோவிலா, டாலரிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று பாருங்கள். உள்ளூர்ப் பணம் என்றால், மதிப்பு வெட்டப்பட்டால் சம்பளத்தைத் திருத்துவோம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மிச்சத்தை மாதாமாதம் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். வங்கி ஒவ்வொரு முறையும் சம்பளச் சீட்டும் ஒப்பந்த நகலும் கேட்கும். இந்த நாணய வட்டத்துக்கு வெளியே பணம் போவதற்குக் கட்டுப்பாடு உண்டு. சீட்டு ஒன்று தொலைந்தாலும் அனுப்புவது இழுபடும், எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள். வரும்போது டாலரைவிட யூரோ நல்லது, விலை ஏறி இறங்காது. திரும்பும்போது நோட்டுகளை இங்கேயே மாற்றிவிடுங்கள், சென்னையில் யாரும் வாங்க மாட்டார்கள். கேமரூன், காபோன் பக்கமும் சிஎஃப்ஏ ஃபிராங்க்தான், மதிப்பும் ஒன்றுதான். ஆனால் அந்த நோட்டு டக்கார்க் கடையில் செல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தைய ஆட்சி கடனைக் குறைத்துக் காட்டியது 2024இல் வெளிவந்து, தணிக்கை நீதிமன்றமும் 2025 பிப்ரவரியில் அதை உறுதிசெய்தது. சர்வதேச நாணய நிதியத்தின் உதவி நின்றது. அரசுக்கு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, முக்கியமாகக் கட்டுமானத்துறையில், பாக்கி தேங்கிவிட்டது. உங்கள் ஆலையின் வருமானம் ஏற்றுமதியிலா, அரசு ஒப்பந்தத்திலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்சி மாற்றத்தின் பாதிப்பு உங்களைத் தொட்டால் இந்த வழியாகத்தான் தொடும்.

பிரெஞ்சு கட்டாயம் படியுங்கள். தெருவில் வோலோஃப்தான் பேசுவார்கள், ஆனால் ஆட்சிமொழி இன்னும் பிரெஞ்சு. ஒப்பந்தம், வாடகைச் சீட்டு, காவல்துறைப் படிவம் எல்லாமே அதில்தான். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் தொடக்கநிலைப் படிப்புகளான ஏ1, ஏ2 இரண்டையும் முடித்துவிட்டு வந்தால் பாதிக் கஷ்டம் குறையும். வெளிநாட்டுத் தொழிலாளி ஒப்பந்தத்தில் தொழிலாளர் துறையின் ஒப்புதல் முத்திரை வேண்டும். அதை வாங்குவது முதலாளியின் பொறுப்பு. முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நம்பி விமானம் ஏறாதீர்கள், குடியிருப்பு அட்டைக்கும் அதைக் கேட்பார்கள். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று மூன்றையும் சான்றொப்ப முத்திரை வாங்கி பிரெஞ்சில் மொழிபெயர்த்தே கொண்டுவாருங்கள். வருமான வரி இங்கே பிரான்ஸ் பாணியில் குடும்பத்தின் அளவைப் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. மனைவி, பிள்ளைகள் சான்று இல்லையென்றால் தனி ஆளாகக் கணக்குப் போட்டுக் கூடுதல் வரி பிடிப்பார்கள்.

தெருப்பெயர்களும் மாறிவருகின்றன. பிரான்ஸின் முன்னாள் அதிபர் சார்ல் த கோல் பெயரிலிருந்த பெரிய சாலைக்கு இப்போது செனகலின் முதல் பிரதமர் மமது ஜாவின் பெயர். டாக்சிக்காரரிடம் இரண்டையும் சொல்லாமல், ஊர் வழக்கில் உள்ள 'சாந்தனேர்' என்ற பெயரைச் சொல்லுங்கள், நேராகக் கொண்டுபோய் விடுவார். முகவரி வாங்கும்போது பக்கத்து மசூதியையோ மருந்துக்கடையையோ கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போராட்டம் வந்தால் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஷேக் அன்டா ஜோப் சாலையைத் தவிர்த்துக் கடற்கரைச் சாலையில் போங்கள். 2021 மார்ச்சில் கூட்டம் பிரெஞ்சு நிறுவனங்களின் சூப்பர்மார்க்கெட்டையும் பெட்ரோல் பங்கையும் குறிவைத்தது. அப்படிப்பட்ட நாளில் அந்தப் பக்கம் நிற்காதீர்கள். 2023இலும் 2024 பிப்ரவரியிலும் அரசு மொபைல் இணையத்தை நிறுத்தியது. வேவ் செயலியில் பணம் கொடுத்துப் பழகியவர்கள் அன்றைக்குக் காய்கறி வாங்கவே திண்டாடினார்கள். வீட்டில் 3 நாள் செலவுக்குச் சில்லறையாக, 500, 1,000, 2,000 நோட்டுகளாக வையுங்கள். 10,000 நோட்டைச் சின்னக் கடையில் நீட்டினால் மீதி இருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சம்பளம் கூட என்று யார் கூப்பிட்டாலும் எல்லை தாண்டி மாலிக்குப் போகாதீர்கள். 2025 ஜூலை 1 அன்று காய்ஸ் ஊரில் ஒரு சிமென்ட் ஆலையிலிருந்து 3 இந்தியர்களைக் கடத்தினார்கள். நவம்பரில் அதே நாட்டில் மின்சாரப் பணியிலிருந்த 5 பேர் கடத்தப்பட்டார்கள். அவர்கள் தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்துப் பிள்ளைகள். காய்ஸ் செனகல் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "டக்காரில் வேலை" என்று சேர்த்துவிட்டு எல்லைக்கு அந்தப்புறம் அனுப்பலாம், ஆகையால் ஒப்பந்தத்தில் பணியிடம் எந்த ஊர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அட்டை இல்லையென்றால் இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.